கண்மாய்ச் சேற்றில் நூற்புழு: எம்.எஸ்சி. ஆய்வுக்கு எடுக்கலாமா?

கண்மாய்க்கரை

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டிசம்பரில் தொடங்கி ஏப்ரலுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். வகுப்பில் மண்புழு, கெண்டை, கொசுப்புழு எல்லாவற்றையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் எங்கள் ஊர்க் கண்மாய்ச் சேற்றை ஒரு சொட்டு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி இழை போல ஒன்று சாட்டை மாதிரி இப்படியும் அப்படியும் அடித்துக்கொண்டிருந்தது. உடன் இருந்தவர் "உருளைப்புழு, விடு" என்றார். நூற்புழு என்பதும் அதுதான். விட மனம் வரவில்லை. இதையே ஆய்வுக்கு எடுக்கலாமா? ஐந்து மாதம் போதுமா? விலைப்பட்டியலில் உள்ள நுண்சல்லடையின் விலை என் விடுதிக் கட்டணத்தைவிட அதிகம். இதில் மேலே படிக்க இடம் இருக்கிறதா? "குடற்புழுவைப் படிக்கவா இவ்வளவு செலவு?" என்று அம்மா கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

வேர்முடிச்சு

நான் வேளாண்மை படித்தவன். எங்களுக்கு நூற்புழு என்றால் வாழை வேரையும் தக்காளி வேரையும் நாசமாக்குகிற வில்லன். சேற்றில் சும்மா வாழ்வதை நாங்கள் எண்ணும்போது ஒதுக்கிவிடுவோம். இருந்தாலும் மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. கடிதம் எழுதிக் கேட்டு இரண்டு நாள் போய் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். புத்தகத்தைப் படித்து இந்தக் கை வராது.

சேற்றுக்காரி

தம்பி, தாராளமாக எடுக்கலாம். ஆனால் "எங்கள் கண்மாயின் நூற்புழு இனங்கள்" என்று தலைப்புப் போட்டால் ஏப்ரலில் அழுவீர்கள். நான் அழுதிருக்கிறேன். இனம் வரை போக ஆண் புழு வேண்டும், வால் வேண்டும், நல்ல நிரந்தரச் சில்லு (நுண்ணோக்கியில் வைக்கிற கண்ணாடித் தகடு) வேண்டும், அதற்கு மேல் ஓர் ஆசானும் வேண்டும். ஐந்து மாதத்தில் இத்தனையும் கூடி வராது.

அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லுங்கள். குடற்புழு இந்தப் பெரிய வம்சத்தில் ஒரு பங்காளி, அவ்வளவுதான். சேற்றில் இருப்பவை யார் வயிற்றையும் அண்டாமல் தாமாக வாழ்பவை. பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. நன்னீரில் மட்டும் ஏறத்தாழ 1,800 இனங்கள் என்று 2008இல் கணக்கிட்டார்கள். ஒரு சதுர மீட்டர் அடிச்சேற்றில் சில இடங்களில் பத்து இலட்சத்துக்கும் மேல் இருக்கும். அந்தக் கண்மாயில் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அம்மாவே கரைக்கு வந்து பார்ப்பார்.

இனப்பெயர் பிறகு வரட்டும். வாயைப் பாருங்கள். புழு கண்ணாடி போல இருப்பதால் அது எதைத் தின்னும் என்பது வாயிலேயே எழுதியிருக்கும். மோனிஸ்டெரா என்ற நூற்புழுப் பேரினத்தின் வாய் ஒரு சிறு துளை, பாக்டீரியாவை அப்படியே விழுங்கும். குரோமடோரா வகையறாவுக்கு உள்ளே சிறு பல் உண்டு, பாசியைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளும். டோரிலைமஸிடம் இருப்பது உள்ளீடற்ற ஈட்டி, குத்தி உறிஞ்சுவதற்கு. மோனோங்கஸின் வாய் பீப்பாய் மாதிரி, அதில் ஒரு பெரிய பல். அது வேட்டைக்காரன், அக்கம்பக்கத்தாரையே விழுங்கிவிடும். ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் டிரவுன்ஸ்பர்கர் நன்னீர்ப் புழுக்களை இப்படித்தான் விழுங்குபவை, கிழிப்பவை, மெல்லுபவை (மோனோங்கஸ் இதில்தான் வரும்), உறிஞ்சுபவை என்று 1997இல் பிரித்து வைத்தார். இந்த நான்கு பெட்டிகளில் போடுவதற்கு எண்ணெய்ப் பொருள்வில்லை உள்ள நுண்ணோக்கியும் பொறுமையும் போதும்.

இனி கேள்வி. ஐரோப்பிய ஏரிகளைப் பற்றி எழுதியவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. உங்கள் கண்மாய் ஐப்பசி, கார்த்திகையில் நிறைகிறது, சித்திரையில் வெடித்துக் கிடக்கிறது. நீர் பின்வாங்கும்போது எந்த வாய் முதலில் மறைகிறது? இது ஒன்றே போதும். மடைப்பக்கம் தொடங்கி ஆழம் குறைந்த ஓரம் வரை ஒரே கோட்டில் நான்கு குச்சிகளை நடுங்கள். ஆடு மேய்ப்பவர்களிடம் சொல்லிவிட்டு நடுங்கள், இல்லாவிட்டால் அடுப்புக்குப் போய்விடும். மாதம் ஒரு முறை, நான்கு மாதம், மொத்தம் 16 மாதிரி. ஒவ்வொன்றிலும் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்காமல், குலுக்கி எடுத்த 100 புழு. ஆக 1,600. நாளுக்கு 40 பார்த்தால் 40 நாள் வேலை. கழுத்து வலிக்கும்.

சல்லடைக்குக் கடன் வாங்காதீர்கள். திரை அச்சுக்கு நைலான் துணி விற்கும் கடையில், சென்டிமீட்டருக்கு 120 நூல் ஓடுகிற துணியைக் கேளுங்கள். அதன் கண் ஏறத்தாழ 45 மைக்ரான் இருக்கும். பிவிசி குழாய்த் துண்டில் ஒட்டி, அளவுகோல் சில்லை வைத்து ஒரு முறை சரிபார்த்துக்கொண்டால் முடிந்தது. சேறு எடுக்க 60 மில்லி ஊசிக்குழலின் நுனியை அறுத்துவிட்டால் நல்ல உருளை கிடைக்கும். மேல் 2 சென்டிமீட்டரைத் தனியாகவும் அடுத்த 3 சென்டிமீட்டரைத் தனியாகவும் போட்டு வையுங்கள். முதலில் மேல் பகுதியை மட்டும் எண்ணுங்கள். கீழே ஆக்சிஜன் குறைவு. அங்கேயும் டோப்ரிலஸ் போன்ற சில தாக்குப்பிடிக்கும். நேரம் மிஞ்சினால் அதையும் பார்க்கலாம்.

பிரித்தெடுக்க லுடாக்ஸ் என்ற சிலிக்காக் கரைசல் சிறந்தது, விலையும் அப்படித்தான். நான் சீனியில் செய்தேன். 454 கிராம் சீனியைத் தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் அடர்த்தி 1.18க்கு அருகில் வரும். சேற்றோடு மைய விலக்கியில் சுற்றினால் மண் அடியில் தங்கும், புழு மிதக்கும். உடனே சல்லடையில் ஊற்றி நன்றாகக் கழுவுங்கள். சீனிப்பாகில் ஊறினால் புழு சுருங்கிச் சுக்காகிவிடும். என் மேசைக்கு முதல் வாரமே எறும்பு வந்துவிட்டது, புழுவைவிட எறும்பைத்தான் அதிகம் எண்ணினேன். புனலில் மெல்லிய தாள் விரித்து இரவெல்லாம் ஊறவைக்கும் பெர்மான் முறை இன்னும் மலிவு. ஆனால் அதில் துடிப்பாக நெளிபவை மட்டுமே கீழே வரும், சோம்பேறிகள் மேலேயே தங்கிவிடுவார்கள். எண்ணிக்கை வேண்டுபவருக்கு அது சரிப்படாது.

இன்னொன்று, இதில்தான் நான் ஒரு பருவத்தையே தொலைத்தேன். உயிரோடு இருக்கும் புழுவைக் குளிர்ந்த ஃபார்மலினில் போடாதீர்கள். வலியில் முறுக்கிக்கொண்டு ஜிலேபி மாதிரி இறக்கும், வாயும் தெரியாது வாலும் தெரியாது. முதலில் 65 பாகை வாக்கில் சூடான தண்ணீர், தளர்ந்து நீண்டுவிடும், அதன் பிறகு 4 சதவீத ஃபார்மலின். தூக்கி வைக்க ஓர் ஈர்க்குச்சியின் நுனியில் கண்ணிமை முடி ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள். உலகத்தில் எந்த நூற்புழு ஆய்வகத்துக்குப் போனாலும் யாராவது ஒருவரின் இமை முடி அங்கே வேலை செய்துகொண்டிருக்கும்.

முடிவை ஓர் எண்ணாகச் சொல்ல டாம் போங்கர்ஸ் 1990இல் கொடுத்த முதிர்ச்சிக் குறியீடு இருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. சாக்கடை கலந்தால் பெருகுகிற ராப்டிடிஸ் வகைக்கு 1, மோனிஸ்டெராவுக்கு 2, டோப்ரிலஸுக்கு 3, மோனோங்கஸுக்கு 4. உங்கள் 100இல் 30 ராப்டிடிஸ், 60 மோனிஸ்டெரா, 10 மோனோங்கஸ் என்றால் 30 + 120 + 40, அதை 100ஆல் வகுத்தால் 1.9. குறைந்த எண் என்றால் அந்த இடம் கலங்கிக் கிடக்கிறது என்று பொருள். மண்ணுக்காக உருவான அளவுகோல் இது என்பதை ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள், தேர்வாளர் கேட்பதற்கு முன்னால்.

மேலே படிக்க: வகைப்பாடு என்றால் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக விலங்கியல் துறை. ஷமீம் ஜைராஜ்பூரி வளர்த்த மரபு அது. வெளிநாடு என்றால் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நூற்புழுவியலுக்கென்றே ஆங்கிலத்தில் முதுகலைப் படிப்பு நடக்கிறது. நூல் ஒன்றுதான் சொல்வேன்: அபேபே, ஆந்த்ராஷி, டிரவுன்ஸ்பர்கர் மூவரும் 2006இல் தொகுத்த நன்னீர் நூற்புழுத் தொகுப்பு. வேலை? "நன்னீர் நூற்புழு நிபுணர் தேவை" என்று விளம்பரம் வராது. நுண்ணோக்கிக் கையும் புள்ளியியலும் இருந்தால் வேறு பெயரில் வேலை வரும்.

பழைய கணக்கு

ஓர் ஐயம். மார்ச்சில் காய்ந்துவிட்ட குச்சியடியில் எடுப்பது கண்மாய்ச் சேறா, வயல் மண்ணா? மாடு மேய்ந்து, புல் முளைத்த தரையில் நிலத்துப் புழுக்கள் புகுந்திருக்கும். "நன்னீர்" என்று எதை வைத்துச் சொல்வது?

சேற்றுக்காரி

ஐயா, நியாயமான கேள்வி. மே மாதம் காய்ந்த கரம்பைக் கட்டி ஒன்றை நானும் வடிகட்டிய தண்ணீரில் ஊறவைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் சில நெளிந்தன. பிளெக்டஸ் போன்றவை உடலைச் சுருட்டி, நீரையெல்லாம் இழந்து, பிணம் மாதிரிக் கிடந்து, மழை வந்ததும் எழும். அவை தண்ணீரில் வாழ்ந்து காய்ந்தவையா, காய்ந்தபின் குடிவந்தவையா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. நிலத்துப் புழுக்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, கண்மாய்க்கு வெளியே, கரைக்கு அந்தப் பக்கம் ஐந்தாவதாக ஒரு குச்சி நடுவதுதான் வழி. தம்பி, 20 மாதிரி ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

கண்மாய்க்கரை

ஐந்தாவது குச்சியும் நட்டாயிற்று அக்கா. முதல் இரண்டை ஆட்டுக்காரர் தாத்தாவே நட்டுக் கொடுத்தார். இமை முடி பிடுங்கும்போது கண் கலங்கிவிட்டது. அம்மா எதற்கு அழுகிறாய் என்றார்.

மடைப்பக்கச் சேற்றில் ஒன்று அகப்பட்டது. வாய் பீப்பாய் போல, உள்ளே மேல்பக்கமாக ஒரே ஒரு பெரிய பல். குடலுக்குள் இன்னொரு மெல்லிய கோடு சுருண்டு கிடக்கிறது, அதற்கும் தலை மாதிரி ஒன்று தெரிகிறது. இது அதுதானா?

சேற்றுக்காரி

மோனோங்கஸேதான். உள்ளே இருப்பதையும் 100இல் சேர்த்து எண்ணிவிடாதீர்கள்.