பலாமுசு: குக்கரா, திறந்த பாத்திரமா?

வில்லிவாக்கம் வாசகி: கோயம்பேட்டுல பலாமுசு, அதான் பலாப் பிஞ்சு, வர ஆரம்பிச்சாச்சு. பொரியலும் பிரியாணியும் செய்யணும். குக்கர்ல வச்சா குழைஞ்சிடும்னு சொல்றாங்களே, நிஜமா?

மயிலை அடுப்பு: குக்கர் பக்கமே போகாதீங்கம்மா. தோல் சீவி, நடுத்தண்டை எடுத்த துண்டு அரை கிலோவுக்கு ஒரு லிட்டர் தண்ணி, அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் உப்பு. தண்ணி கொதிச்சதும் போட்டு, திறந்தபடியே 10, 12 நிமிஷம். கத்தி இறங்கணும், ஆனா லேசாப் பிடிக்கணும். வடிச்சு ஆறவிட்டு, உரல்ல ரெண்டு இடி இடிச்சா நார்நாராப் பிரியும். குக்கர்ல வெந்தது தண்ணியைக் குடிச்சிருக்கும். தேங்காய் சேர்த்துக் கிளறினா களிதான்.

பெரம்பூர் தம்: சார், குழையறதுக்குக் காரணம் குக்கர் இல்ல, ஊத்தற தண்ணியும் ஆவி அடங்கற வரைக்கும் காத்திருக்கறதும்தான். தோலோடவே ஒரு அங்குல வட்டமா நறுக்கி, அடியில கால் டம்ளர் தண்ணி விட்டு ஒரே விசில். உடனே ஆவியை எடுத்துடணும். விட்டு வச்சா மூடிக்குள்ளயே வெந்துட்டு இருக்கும். இப்படிச் செஞ்சா தோல் கையாலயே உரியும். பச்சையாச் சீவினா பால் கையெல்லாம் ஒட்டும், துண்டும் கறுக்கும்.

மயிலை அடுப்பு: அந்தப் பால் எங்க போகுது தம்பி? குக்கர் ஓரத்துலயும் கேஸ்கெட்லயும் பிசினாப் படியும். கத்தியிலயும் கையிலயும் நல்லெண்ணெய் தடவிக்கிட்டு, நறுக்க நறுக்க மோர்த் தண்ணியில போட்டா கறுக்காது. உப்பையும் சேர்த்துச் சொல்லுங்க. இந்தக் காய்க்குத் தனி ருசி கிடையாது. வேகும்போது ஏறுற உப்புதான் உள்ள வரைக்கும் போகும், கால் டம்ளர் தண்ணியில அது எப்படி ஏறும்?

பெரம்பூர் தம்: பிசினை எண்ணெய் தொட்டுத் துடைச்சா வந்துடும், சோப்பு போட்டாத்தான் வராது. உப்பு விஷயம் பொரியலுக்குச் சரி, ஒத்துக்கறேன். பிரியாணிக்கு அப்படி இல்ல. தோல் உரிச்ச துண்டைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், உப்புல அரை மணி நேரம் பிரட்டி வச்சு, ஓரம் சிவக்கிற வரைக்கும் எண்ணெயில வறுக்கணும். இந்த வறுவலை விட்டுட்டா தம்முல கரைஞ்சிடும். மசாலா வதக்கி, சீரகச்சம்பா முக்கால் வேக்காடு வந்த பிறகுதான் துண்டை மேல அடுக்கணும். புரதத்துலயும் கறிக்கு மாத்து இதுதானே!

அண்ணாநகர் பாட்டி: அதை மட்டும் சொல்லாதீங்க தம்பி. பலாக்காய் 100 கிராம்ல புரதம் ரெண்டு, ரெண்டரை கிராம்தான் வரும். கடிக்கறப்ப கறி மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பிரியாணிக்குப் பக்கத்துல பருப்போ சுண்டலோ வேணும்.

ரெண்டு பேரும் காயைப் பாக்கவே சொல்லலையே? கடைக்காரரை வெட்டிக் காட்டச் சொல்லுங்கம்மா. உள்ள விதை வெள்ளையா, நகம் பட்டாலே நசுங்கணும். விதைமேல தோல் கட்டியிருந்தா அது முசு இல்ல, முத்தின காய். சுளையைக் கூட்டுக்கோ சிப்ஸுக்கோ எடுத்துக்கலாம். அதைப் பொரியலுக்கு இடிச்சா எந்தப் பாத்திரத்துல வேகவச்சிருந்தாலும் சக்கைதான் வாயில நிக்கும்.

வில்லிவாக்கம் வாசகி: சீவித் துண்டு போட்டு விக்கறாங்களே, அது வாங்கலாமா பாட்டி?

அண்ணாநகர் பாட்டி: தண்ணியில ஊறிட்டு இருந்தா வேண்டாம். தோலோட பாதிக் காயா வாங்கி, அன்னிக்கே வேகவச்சிடுங்க.