டான் முகமூடி: வட்டக் கண் என்றால் ஓட்டக்காரனா?

செதுக்குளி:
முந்திரிக் கொள்முதலுக்காக ஐவரி கோஸ்ட் போய் வந்த நண்பர் நாடோடி, ஆப்பிரிக்கக் கலை பற்றிய இழையில் ஒரு தீர்ப்பு வழங்கியிருக்கிறார்: “டான் முகமூடியில் வட்டக் கண் இருந்தால் ஆண், ஓட்டப் பந்தய முகமூடி. கீற்றுக் கண் இருந்தால் பெண். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.” அதற்குக் கீழே வரிசையாக நன்றி மழை. படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டான் மக்கள் ஐவரி கோஸ்டின் மேற்கே, மான், தனானே நகரங்களைச் சுற்றிய மலைப்பகுதியில் வாழ்கிறார்கள். எல்லைக்கு அப்பால் லைபீரியாவின் நிம்பா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை அங்கே கியோ என்பார்கள், ஐவரி கோஸ்டில் யாக்கூபா என்பார்கள். அவர்களிடம் முகமூடி பிறப்பது இப்படி: காட்டில் உருவமில்லாமல் திரியும் ஆவி ஒருவனுடைய கனவில் வந்து, தனக்கு உருவம் வேண்டும், இன்ன வேலைக்கு ஊருக்குள் வரவேண்டும் என்று கேட்கும். அதற்குப் பிறகுதான் செதுக்கும் வாச்சியை எடுத்து மரத்தில் கை வைப்பார்கள். என்ன வேலைக்கு வந்தது என்பது கனவு கண்டவனுக்கும் அந்த ஊருக்கும் தெரியும். சுவரில் தொங்கும் முகத்தின் கண்ணைப் பார்த்து நாடோடிக்குத் தெரிந்துவிடுகிறது!

நாடோடி:
நான் அந்த நாட்டுக்கு நேரில் போனவன். நீங்கள் புத்தகத்துக்குள் போனவர். அபிஜான் நகரத்து த்ரெஷ்வில் சந்தைக் கடைக்காரர் முகமூடியைக் கையில் எடுத்துக் காட்டிச் சொன்னார், வட்டக் கண் ஓட்டக்காரனுடையது என்று.

காரணமும் கேளுங்கள். மழையில்லாத மாதங்களில் குன்யெகே முகமூடி கட்டியவன் ஓடுவான், முகமூடி இல்லாத ஒருவன் துரத்துவான். பிடித்துவிட்டால் அடுத்து அவன் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனுக்கு வழி தெரிய வேண்டாமா? கீற்றுக் கண்ணோடு ஓடினால் மரத்தில் போய் முட்டிக்கொள்வான். இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

செதுக்குளி:
முந்திரி பெரும்பாலும் விளைவது வடக்கே. அபிஜான் இருப்பது தெற்கே, கடலோரம். டான் ஊர்கள் மேற்கே. நாட்டின் இரண்டு மூலைகளைப் பார்த்துவிட்டு மூன்றாவது மூலைக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கிறீர்கள். சந்தைக்காரருக்கு முகமூடியோடு ஒரு கதையும் விற்றாக வேண்டும், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

குன்யெகே பற்றி நீங்கள் சொன்னதை யார் மறுத்தது? ஓட்டக்காரனுக்கு வட்டக் கண் சரி. வட்டக் கண் எல்லாம் ஓட்டக்காரனா என்பதே கேள்வி. ஸாக்பாய் என்று ஒரு முகமூடி இருக்கிறது. வடபுறம் புல்வெளியை ஒட்டிய டான் ஊர்களில் வறட்சிக் காலத்தில் பிற்பகல் காற்று பலமாக அடிக்கும். அந்தக் காலத்தில் கூரையெல்லாம் புல். காற்று எழும்பும் முன் எல்லா வீட்டு அடுப்பும் அணைந்திருக்க வேண்டும். ஸாக்பாய் தெருத்தெருவாக வந்து பார்க்கும். தணல் கனிந்துகொண்டிருந்தால் வீட்டுக்காரியை அதட்டும், பானையை உருட்டிவிடும், அபராதம் வாங்காமல் நகராது. அதன் கண் என்ன வடிவம்? வட்டம். எந்தப் பந்தயத்தில் ஓடுகிறது அது?

நாடோடி:
ஸாக்பாய்க்குக் கண்ணைச் சுற்றிச் சிவப்புத் துணி உண்டு. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சிவப்புத் துணி இருந்தால் தீ, இல்லாவிட்டால் ஓட்டம். நான் சொன்னதுதான் சரி, பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வட்டக் கண் வட்டக் கண்தான்.

மழைக்காகம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிகாசோ டான் முகமூடியைப் பார்த்துத்தான் கியூபிசம் என்ற ஓவியப் பாணிக்கே வந்தார் என்று படித்தேன். அந்த முகமூடிக்கு எந்தக் கண்?

செதுக்குளி:
யார் எழுதியதைப் படித்தீர்களோ தெரியவில்லை. 1912இல் பிகாசோ செய்த கிட்டார் சிற்பத்தோடு சேர்த்துப் பேசப்படுவது அவரிடம் இருந்த கிரேபோ முகமூடி. அதில் கண்கள் குழாய் போல முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். கிரேபோ வேறு மக்கள். ஆப்பிரிக்கா என்றால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறீர்கள்.

நாடோடிக்கு: துணி உதிர்ந்துவிடும். பசை போகும், நூல் போகும். ஐரோப்பிய அலமாரிகளில் மொட்டை மரமாக நிற்பவை எத்தனையோ. துணி உதிர்ந்த அன்றே ஸாக்பாய் ஓட்டக்காரனாகிவிடுமா?

அருங்காட்சி:
செதுக்குளி வழக்கம்போல ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார். இவர் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டும் டான் கலை ஆய்வாளர்கள் ஹிம்மெல்ஹெபரும் ஃபிஷரும் டியாங்க்ளே என்ற முகமூடிக்குக் கீற்றுக் கண், வழவழப்பான முட்டை முகம் என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? பெல்ஜியத்து வாண்டென்ஹௌட்டெ 1948இலேயே டான் முகமூடிகளைப் பாணி பாணியாகப் பிரித்து வைத்திருக்கிறார். அவர்களெல்லாம் கண்ணைப் பார்க்காமல் காதைப் பார்த்தா பிரித்தார்கள்? பாவ்லே மக்களின் முகமூடி பற்றிய இழையிலும் இதே ஆட்டம்தான் ஆடினீர்கள். நான் மறக்கவில்லை.

செதுக்குளி:
பாவ்லே இழையை இழுக்காதீர்கள், அங்கே நீங்கள்தான் பாதியில் காணாமல் போனீர்கள்.

அதே இருவர்தான் ஊரைவிட்டுப் பிரித்து எடுத்த முகமூடியின் வடிவத்தை மட்டும் வைத்து அதன் வேலையைச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் மட்டும் உங்கள் பிரதியில் கிழிந்துவிட்டதா? கீற்றுக் கண்ணுக்கே வருகிறேன். டியாங்க்ளே விருத்தசேதன முகாமிலிருந்து ஊருக்குள் வந்து, முகாமில் இருக்கும் பையன்களுக்காகப் பெண்களிடம் சாப்பாடு கேட்கும். கெஞ்சும், கொஞ்சும், கேலி பேசும். தங்காக்ளே பாடி ஆடி நடித்துச் சிரிக்கவைக்கும். இரண்டுக்குமே கீற்றுக் கண் உண்டு. எது எது என்று சுவரில் பார்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று, முகமூடிக்குப் பதவி உயர்வு உண்டு. பாட்டுப் பாடிக்கொண்டிருந்த முகமூடி வயதும் மதிப்பும் ஏறியபின் ஊர் வழக்கைத் தீர்க்கும் பெரிய முகமூடியாகலாம். மரம் அதே மரம், கண் அதே கண்.

மழைக்காகம்:
பெண் முகமூடியைப் பெண்கள்தான் அணிவார்களா?

செதுக்குளி:
இல்லை. எல்லாம் ஆண்கள்தான்.

நாடோடி:
என்னிடம் ஒன்று இருக்கிறது, வட்டக் கண். கன்னங்கரேலென்று மினுமினுக்கிறது. பல தலைமுறை கைபட்ட மினுமினுப்பு. ஓட்டக்காரனுடையது. படம் போட்டிருக்கிறேன், கண்ணுள்ளவர்கள் பார்க்கட்டும்.

செதுக்குளி:
கறுப்பு கறுப்பு என்று குதிக்காதீர்கள். செதுக்கியவுடனேயே இலைச் சாற்றில் சாயமேற்றிக் கறுப்பாக்குவார்கள். பின்பக்கத்தைப் படம் எடுங்கள். கட்டி ஆடிய முகமூடி என்றால் நெற்றியும் கன்ன எலும்பும் உரசும் இடத்தில் வாச்சித் தடம் தேய்ந்து வழவழத்திருக்கும், மற்ற இடத்தில் தடம் அப்படியே இருக்கும். விளிம்பில் துணியும் நாரும் கோக்கும் துளைகள் இழுபட்டு ஒரு பக்கமாக அகன்றிருக்கும்.

நாடோடி:
பின்பக்கம் போட்டாயிற்று. துளை இருக்கிறது பாருங்கள்.

செதுக்குளி:
பார்த்தேன். துளை ஒவ்வொன்றும் நேற்று துரப்பணத்தில் போட்டது போல் வட்டம். உள்ளே முழுவதும் வாச்சித் தடம், நெற்றி பட்ட அடையாளமே இல்லை. இதைக் கட்டிக்கொண்டு யாரும் ஓடவில்லை, விமானத்தில் வந்த ஓட்டம் தவிர.

நாடோடி:
பொறாமை. நான் என்ன விலை கொடுத்தேன் என்று சொன்னால் இன்னும் எரியும்.

அருங்காட்சி:
பிறர் வீட்டுப் பொருளை இப்படி இழிவுபடுத்துவது செதுக்குளிக்குப் பொழுதுபோக்கு. நிம்பாவில் கன்ட்டா ஊரில் மருத்துவ ஊழியம் பார்த்த ஜார்ஜ் ஹார்லி எத்தனையோ முகமூடிகளைச் சேர்த்து ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1950இல் அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். ஒவ்வொன்றுக்கும் என்ன அதிகாரம் என்று சொல்லியிருக்கிறார்.

செதுக்குளி:
எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் போரோ என்ற ஆண்களின் ரகசியச் சங்கத்தின் காலடியில் கட்டிய அதே ஹார்லிதானே? டான் மக்களில் பெரும்பாலோரிடம் போரோவே கிடையாது. அவரிடமும் கண்ணை வைத்து வேலை சொல்லும் சூத்திரம் இல்லை. முகமூடிக்கு உரியவர்களிடம் கேட்டார், எழுதினார். நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்?

மழைக்காகம்:
கால் மின்னல் மாதிரி ஆடும் முகமூடி நடனக் காணொளி ஒன்று எல்லோருக்கும் வந்ததே, அது டான்தானே?

செதுக்குளி:
இல்லை. அது குரோ மக்களின் சாவ்லி. 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. டான் முகமூடியில் வேடிக்கை பார்க்க ஆசை என்றால் பொய்க்கால் கட்டி வருவதைத் தேடுங்கள். ஆளுயரத்துக்கு மேல் கம்பில் நின்று சுழலும். அதற்கு மர முகமே கிடையாது, துணிதான்.

நாடோடி:
சாவ்லிக்குக் கீற்றுக் கண், பெண் முகம். பக்கத்து மக்களிடமும் என் கணக்கு பொருந்துகிறதே!

செதுக்குளி:
குரோவைப் பற்றி யார் கேட்டார்கள்? ஸாக்பாய்க்குப் பதில் எங்கே?

அருங்காட்சி:
பதில் கேட்க உங்களுக்கு என்ன தகுதி? பாவ்லே இழையில் நான் கேட்ட படத்தை இன்னும் நீங்கள் போடவில்லை.

செதுக்குளி:
போட்டேன். நீங்கள் பார்க்கவில்லை.

அருங்காட்சி:
போட்டது வேறு முகமூடி. இணைப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன், ஓடிவிடாதீர்கள்.