பி.எம்.ஆர். ரெசிடென்சி முதல் வருடம்: டாக்டராக நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

புதுரெசிடென்ட்:
மறுவாழ்வு மருத்துவத்தில் (பி.எம்.ஆர்.) முதல் வருடம். சேர்ந்ததிலிருந்து வார்டு வேலைதான்: சிறுநீர்த் தொற்று, சர்க்கரை, காய்ச்சல், டிஸ்சார்ஜ் சம்மரி. நோயாளியை நடக்க வைப்பது பிசியோ, சட்டை போடப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், விழுங்கப் பழக்குவது ஸ்பீச் தெரபிஸ்ட். அப்படியானால் நான் எதில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதே பிடிபடவில்லை. டீம் மீட்டிங்கில் எல்லோரும் பேசி முடித்ததும் சீனியர் என் பக்கம் திரும்புகிறார், நான் மருந்துப் பட்டியலை வாசிக்கிறேன். இ.எம்.ஜி. (தசையில் ஊசி குத்தி அதன் மின் இயக்கத்தைப் பார்க்கும் பரிசோதனை), ஊசி, அல்ட்ராசவுண்ட் எல்லாம் சீனியர்கள் கையில். இந்த வருடம் எதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் உதவும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வார்டு_ஆசிரியர்:
வார்டு வேலையையும் மறுவாழ்வையும் இரண்டாகப் பிரிக்காதீர்கள். பக்கவாதம் வந்த ஒருவர் நேற்றுவரை பிடித்துக்கொண்டு நடந்தார், இன்று எழவே மாட்டேன் என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரபி குறிப்பில் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று இருக்கும். ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டியவர் நீங்கள்தான். தொற்றா, எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தோள்வலியா, மனச்சோர்வா, காலில் ரத்தம் உறைந்திருக்கிறதா, தசை இறுக்கத்துக்குக் கொடுத்த பாக்லோஃபென் மருந்து ஆளைத் தூக்கத்திலேயே வைத்திருக்கிறதா? இது முழுக்க மருத்துவம்தான், ஆனால் என்ன நோய் என்பதோடு நிற்காமல் இவரால் இதை ஏன் செய்ய முடியவில்லை என்றும் கேட்கிற மருத்துவம்.

உலக சுகாதார நிறுவனம் 2001-ல் ஏற்றுக்கொண்ட ஐ.சி.எஃப். வகைப்பாடு உடற்குறையை மட்டும் பார்க்காமல் செயல்பாடு, பங்கேற்பு, சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான். பரீட்சைக்குப் படம் வரைந்து காட்டிவிட்டு அத்தோடு மறந்துவிடுகிறார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். அட்மிஷன் எழுதும்போது நோயின் பெயருக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துப் பாருங்கள்: இவர் எதைச் செய்ய ஆசைப்படுகிறார், இப்போது அதைத் தடுப்பது எது. மீட்டிங்கில் பேச விஷயம் அதிலிருந்தே வரும்.

கடைசிவருடம்:
மேலே சொன்னதோடு, உடல் பரிசோதனையைக் கைக்குள் கொண்டுவாருங்கள். தண்டுவடக் காயத்துக்கான ஏ.எஸ்.ஐ.ஏ. பரிசோதனையில் ஒரு பக்கத்துக்கு 28 உணர்வுப் பகுதிகள், 10 முக்கியத் தசைகள், கடைசியில் ஆசனவாய்ப் பரிசோதனை. இந்தக் கடைசிப் பகுதியைச் செய்யாமல் பழைய சீட்டில் இருந்ததையே எழுதிவிடும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, தயவுசெய்து அதில் சேராதீர்கள். எஸ்4-5-ல், அதாவது தண்டுவடத்தின் கடைசி மட்டமான ஆசனவாய்ப் பகுதியில், தொடுவுணர்வோ, குத்துணர்வோ, ஆழ்ந்த அழுத்தமோ, தானாகச் சுருக்கும் திறனோ ஏதாவது ஒன்று இருந்தாலே அது முழுமையற்ற காயம். குடும்பத்திடம் நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதே அதில் மாறிவிடும்.

அப்புறம் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா, அதாவது தண்டுவடக் காயம் உள்ளவருக்குக் காயத்துக்குக் கீழே ஏற்படும் ஏதோ ஒரு தூண்டலால் ரத்த அழுத்தம் திடீரென ஆபத்தாக ஏறுவது. காயம் டி6 (தண்டுவடத்தின் நெஞ்சுப் பகுதியில் ஆறாவது மட்டம்) அளவிலோ அதற்கு மேலோ இருப்பவருக்கு வழக்கமான சிஸ்டாலிக் அழுத்தமே 90, 100 என்று இருக்கலாம். இரவு டியூட்டியில் தலைவலி, முகம் சிவந்து வியர்க்கிறது, அழுத்தம் 140 என்று நர்ஸ் கூப்பிட்டால், 140 தானே என்று வலி மாத்திரை எழுதிவிட்டுப் படுக்கக் கூடாது. உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமாக இருப்பதைத் தளர்த்தி, கதீட்டர் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள், அது சரியாக இருந்தால் மலக்குடலில் மலம் அடைத்திருக்கிறதா பாருங்கள். வேறு பிரிவிலிருந்து கூப்பிடும்போது இதைத் தெரிந்து ஓடிவரும் ஆள் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

ஹால்_பிசியோ:
நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஒரே நோயாளியோடு ஒரு முழு செஷன் தெரபி ஹாலில் இருங்கள், வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகாமல். படுக்கையில் வைத்து மாடிஃபைடு ஆஷ்வொர்த் (தசை இறுக்கத்தை அளக்கும் ஸ்கோர்) 2 என்று நீங்கள் எழுதிய கால், ஆள் எழுந்து நின்றதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். பலவீனமான காலை மடங்காமல் தாங்குவதே சிலருக்கு அந்த இறுக்கம்தான். அதைப் பார்க்காமல் மருந்தைக் கூட்டினாலோ தசையைத் தளர்த்தும் பாட்டுலினம் டாக்சின் ஊசி போட்டாலோ ஸ்கோர் குறையும், நின்றுகொண்டிருந்தவர் உட்கார்ந்துவிடுவார். எங்களிடம் கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் ரெசிடென்ட்களும் உண்டு. கேட்டால் சந்தோஷமாகச் சொல்வோம். செயற்கைக்கால் அளவெடுக்கும் இடத்துக்கும் போய் வாருங்கள், மிச்சக் கால் நுழையும் சாக்கெட் எங்கே அழுத்துகிறது என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் புரியும்.

ஊசிமுனை:
எல்லாம் சரி, ஆனால் செய்முறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இ.எம்.ஜி.க்கு வேண்டிய தசை, நரம்பு உடற்கூறியலை இப்போதே படியுங்கள், இயந்திரம் பிறகு வரும். எப்போது குத்துவது என்பதே பாதி அறிவு: நரம்பு அறுந்து நாலாம் நாள் குத்தினால் ஃபைப்ரிலேஷன் (நரம்பிழந்த தசை தானாக எழுப்பும் மின் துடிப்பு) தெரியாது, பொதுவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் போனால் நோயாளிக்குத்தான் நஷ்டம். டாக்சின் போட்டவரை நாலு முதல் ஆறு வாரத்தில் திரும்பப் பாருங்கள், போட்டது பலித்ததா என்று அப்போதுதான் தெரியும். லாக்புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்), நின்று பார்த்ததையும் நீங்களே செய்ததையும் தனித்தனியாக எழுதுங்கள்.

புதுரெசிடென்ட்:
ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஒரே சிக்கல், ரவுண்ட்ஸ் முடியவே மதியம் ஆகிவிடுகிறது. ஹாலுக்கு எப்போது போவது?

வார்டு_ஆசிரியர்:
தெரபி ஹால் நேரம் பயிற்சியின் பகுதி, சலுகை இல்லை. பயிற்சிப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், கூட இருக்கும் ரெசிடென்ட்களையும் சேர்த்துக்கொண்டு. பதில் வரும்வரை, உடல்நிலை சீராக இருக்கும் இரண்டு நோயாளிகளைப் படுக்கையில் பார்க்காமல் அவர்களுடைய தெரபி நேரத்தில் ஹாலிலேயே போய்ப் பாருங்கள். நிற்கும்போது அழுத்தம் எவ்வளவு என்று அங்கேயே எடுத்துவிடலாம், அன்றைய குறிப்பையும் அங்கேயே எழுதிவிடலாம்.