ஜர்னல் கிளப்பில் "இந்தப் பேப்பரை நம்பலாமா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

காட்பாடி மூன்றாமாண்டு:
பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். புதன்கிழமை மதியம் ஜர்னல் கிளப், அதாவது ஒருவர் ஒரு ஆய்வுக் கட்டுரையை (பேப்பரை) வகுப்பில் எடுத்துச் சொல்ல வேண்டும். போன வாரம் என் முறை. இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து 22 ஸ்லைடு போட்டுக்கொண்டு போனேன். முடித்ததும் மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "சரி, இந்தப் பேப்பரை நம்பலாமா?" எனக்கு வாய் வரவில்லை, முடிவுரையையே இன்னொரு தடவை வாசித்தேன். பின்னால் சிரித்தார்கள். பி வேல்யூ (மருந்தால் பலனே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு வித்தியாசம் தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) 0.05-க்குக் கீழே இருந்தால் நல்லது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பெரிய டாக்டர்கள் எழுதியதில் குறை சொல்ல நான் யார் என்றும் இருக்கிறது. இந்தப் பயம் எப்படிப் போகும்?

ராணிப்பேட்டை பிசியோ:
காஸ்ப் (CASP) செக்லிஸ்ட், அதாவது ஒரு ஆய்வை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியல், இணையத்தில் இலவசம். எந்த வகை ஆய்வு என்று பார்த்து அதற்கானதை எடுத்துக்கொள் தங்கச்சி. ஆனால் டிக் அடித்துவிட்டு மூடி வைக்காதே. நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஏறவில்லை.

தொரப்பாடி டியூட்டர்:
சிரித்தவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர்களும் முடிவுரையைத்தான் வாசித்திருப்பார்கள், விடும்மா.

என் வகுப்பில் ஸ்லைடை நிறுத்திவிட்டேன். நம் ஊர் சம்பந்தப்பட்ட பேப்பர் ஒன்றை எடுத்தோம்: குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டாவேக் மருந்தின் ஆய்வு, 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் சேர்த்து 6,799 குழந்தைகள். பலகையில் இரண்டே எண் எழுதினேன். கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு, மருந்து கொடுத்த குழுவில் 71, போலி மருந்துக் குழுவில் 76.

"அஞ்சுதான் மேடம் வித்தியாசம், மருந்து வேலை செய்யல" என்றான் கடைசி பெஞ்சுப் பையன். எல்லோரும் தலையாட்டினார்கள். அதுவரை வாயே திறக்காத குடியாத்தத்துப் பெண் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டு குரூப்பும் ஒரே அளவா மேடம்?"

இல்லை. மருந்துக் குழுவில் 4,532, போலி மருந்துக் குழுவில் 2,267, அதாவது இரண்டுக்கு ஒன்று. போனை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். நூற்றுக்கு 1.57, நூற்றுக்கு 3.35. பாதிக்கு மேல் குறைவு. பேப்பரும் 53.6 சதவீதம் என்கிறது, கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மையான பலன் இருக்கக்கூடிய எல்லை) 35-இலிருந்து 66.9 வரை. அப்புறம் ஒரு குழந்தையைக் காப்பாற்ற எத்தனை பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று பார்த்தோம். நூறை அந்த இரண்டு விகிதத்தின் வித்தியாசத்தால் வகுத்தோம். எங்களுக்கு 56 வந்தது, பேப்பரில் 55. அந்த ஒன்று எங்கே போனது என்று ஒரே சண்டை. யாரைக் கணக்கில் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள் என்று மெத்தட்ஸ் பகுதியை, அதாவது ஆய்வை எப்படிச் செய்தார்கள் என்று சொல்லும் பகுதியை, தேடிப் போனார்கள். அதுவரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை! குடியாத்தத்துப் பெண் இப்போது என்னையே மடக்குகிறாள்.

குறை சொல்ல நான் யார் என்கிறாய். மார்க்கெட்டில் முள்ளு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? கடைக்காரர் கோபித்துக்கொள்கிறாரா?

இன்னொன்று. 1875-இல் கனடாவின் மான்ட்ரியலில் வில்லியம் ஆஸ்லர் என்ற மருத்துவர் ஜர்னல் கிளப் தொடங்கியதே, தனியாளாக வாங்கக் கட்டுப்படியாகாத இதழ்களைக் கூட்டாக வாங்கிப் படிக்கத்தான். நாமோ ஒரு பிள்ளையை மேடையில் நிறுத்திவிட்டு மற்றவர்கள் போன் பார்க்கிறோம்.

காட்பாடி மூன்றாமாண்டு:
மேடம், நேற்று என் பேப்பரில் மெத்தட்ஸை மட்டும் திரும்பப் படித்தேன். பாதியில் விலகியவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு படமே இருக்கிறது. 22 ஸ்லைடில் அதை மட்டும் விட்டிருக்கிறேன். இந்தப் புதன் எங்கள் மேடத்திடம் கேட்டு பலகையில் போடப் போகிறேன்.

ராணிப்பேட்டை பிசியோ:
சாக்பீஸ் நீயே கொண்டு போ. எந்த வகுப்பிலும் இருக்காது.