குழுக்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கு நிரந்தரப் பணி: வேண்டுமா, வேண்டாமா?

செவக்காடு:
மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றிப் போன வாரம் இங்கே பேசியபோது பேரேடு ஐயா ஒன்று சொன்னார். களப்பணியாளர்களை நிரந்தரமாக்கினால் அவர்களும் இன்னொரு ஆபீஸ் ஆட்களாகிவிடுவார்கள், குழுக்களைக் கேட்க நாதி இருக்காது என்றார். அதற்குத் தனியாகவே பதில் எழுதுகிறேன்.

நான் 11 வருடமாக இந்தக் குழுக்களுக்கான வட்டார ஒருங்கிணைப்பாளர். ஒப்பந்தப் பணி. எட்டு ஊராட்சிகள் என் பொறுப்பு.

போன மாதம் ஒரு குழு உடைகிற நிலைக்கு வந்தது. ஓர் உறுப்பினரின் கணவர் இறந்துவிட்டார், மூன்று தவணை கட்டவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் குழுவின் பெயரே வங்கியில் கெடும் என்பதால் அவரை நீக்கிவிடலாம் என்று மற்றவர்கள் முடிவுக்கு வந்திருந்தார்கள். நான் மூன்று முறை போனேன். நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பி, அடுப்பு வேலையும் முடித்து அவர்கள் கூட ராத்திரி ஏழரை ஆகிவிடும். மூன்றாவது முறை தீர்மான நோட்டைத் திண்ணையில் விரித்து வைத்துவிட்டு, குழுவை நடத்துகிற ஊக்குநர் பேனாவைத் திறக்கவே இல்லை. யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு வயதான அம்மாதான், "அவ மாடு கன்னு போடட்டும். அது வரைக்கும் நாம சேர்ந்து கட்டுவோம். எழுதும்மா" என்றார். எழுதினார்கள். அந்தக் குழு இன்றும் நடக்கிறது.

இந்த மூன்று பயணத்தையும் பதிவு செய்ய, எங்கள் வேலையைப் பதிகிற போன் ஆப்பில் இடம் கிடையாது. கூட்டம் நடந்ததா, எத்தனை பேர் வந்தார்கள், சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, போட்டோ. அவ்வளவுதான். மறுநாள் காலை வந்த போனில், "உங்க கிளஸ்டர்ல இந்த மாசம் எத்தனை கடன் இணைப்பு?" என்பது மட்டும்தான் கேள்வி. என் பொறுப்பில் உள்ள ஊர்களில் எத்தனை குழுவுக்கு வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தேன் என்று அர்த்தம்.

வண்டி என்னுடையது, பெட்ரோல் பெரும்பாலும் என் காசு. வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும், அது தாமதமானால் சம்பளமும் தாமதம். பிரசவத்துக்குப் போன சக பணியாளர் திரும்பி வந்தபோது அவருடைய ஊர்கள் வேறொருவர் கையில் இருந்தன. நாலு வருடம் பழகிய குழுக்களை விட்டுவிட்டு அவர் முதலிலிருந்து தொடங்கினார்.

தமிழ்நாட்டில் குழுக்கள் தொடங்கி 35 வருடத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலமாக நடக்கிற வேலையைத் தற்காலிக வேலை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பேரேடு:
தம்பி, அந்த மூன்று பயணத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனாலும் நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

1989இல் தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடுதான் இங்கே அரசுக் குழுக்கள் தொடங்கின. சில வருடம் கழித்து அதே மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் சேர்ந்தேன். ஊரிலேயே தங்கினோம். ஒரு குழு நிற்க ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும். அதுவரை கடன் என்ற பேச்சையே எடுக்க மாட்டோம். பிறகு 1997-98இல் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க வந்தது. பரவியது நல்லதுதான். ஆனால் இலக்கும் கூடவே வந்தது. ஒரே மாதத்தில் ஐம்பது குழு தொடங்கு என்றால் யார் திண்ணையில் உட்காருவார்கள்?

இன்னும் பின்னால் போகிறேன். 1952 அக்டோபர் 2ஆம் தேதி நேரு அரசு சமுதாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. கிராம சேவக், கிராம சேவிகா என்று ஊருக்கு ஊர் ஆள் போட்டார்கள். அவர்களும் சமூகப் பணியாளர்கள்தான், அதுவும் அரசு ஊழியர்கள். ஐந்தே வருடத்தில், 1957இல், பல்வந்த்ராய் மேத்தா குழு என்ன சொன்னது? மக்கள் பங்கெடுக்கவில்லை, அதிகாரத்தை உள்ளூர் மக்களின் அமைப்புகளிடம் கொடுங்கள் என்றது. பஞ்சாயத்து ராஜ் அப்படித்தான் வந்தது. இன்று நீங்கள் போய் உட்காருகிற பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸே அந்தத் திட்டத்தின் மிச்சம்தான். 'வட்டார வளர்ச்சி' என்ற பெயரில் இருந்த கனவு போய்ச் சான்றிதழும் பில்லும் மட்டும் நிற்கின்றன. இவ்வளவும் நடந்தது நிரந்தர ஊழியர்களை வைத்துத்தான்.

உங்களுக்குச் சம்பளம் உயர வேண்டும், பெட்ரோல் காசு வர வேண்டும், பிரசவ விடுப்புக்குப் பாதுகாப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். நிரந்தரம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

வாய்க்கால்வரப்பு:
நிரந்தரமில்லாத வேலை என்ன செய்யும் என்று என் வீட்டைப் பார்த்தே சொல்கிறேன். என் அப்பா மக்கள் நலப் பணியாளர்.

தெரியாதவர்களுக்கு: 1989இல் ஊராட்சிகளில் படித்த இளைஞர்களை இந்தப் பெயரில் நியமித்தார்கள். 1991இல் நீக்கினார்கள். 1997இல் மறுபடி எடுத்து 2001இல் நீக்கினார்கள். 2006இல் எடுத்தார்கள், 2011 நவம்பரில் சுமார் 13,500 பேரை ஒரே உத்தரவில் அனுப்பினார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் இதுதான்.

அப்பா 1989இல் சேர்ந்தபோது இரவுப் பாடம் நடத்தினார். அரிக்கேன் விளக்கும் சிலேட்டும் நான் பிறந்தபோதே வீட்டில் இருந்தன. 2006இல் மூன்றாவது தடவையாகப் போனார். தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, ரேஷன் கார்டு மனு எதுவானாலும் ஊரில் முதலில் அவரிடம்தான் வருவார்கள். 2011இல் செய்தி வந்த அன்று ஒரு பாட்டி முதியோர் உதவித்தொகை மனுவோடு எங்கள் வாசலில் நின்றார். "எனக்கு வேலை போயிடுச்சும்மா" என்று அப்பா சொன்னதை அவர் நம்பவில்லை, தட்டிக்கழிக்கிறார் என்றே நினைத்தார். அந்த மனுவை அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கப்புறம் ஊருக்கு எதையும் செய்துதருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்ததில்லை.

2022இல் மாதம் 7,500 ரூபாய்க்கு வேலை உறுதித் திட்டப் பணி ஒருங்கிணைப்பாளராக வரலாம் என்றார்கள். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அப்பாவின் நண்பர்கள் சிலர் போனார்கள். அவர் போகவில்லை.

பேரேடு ஐயா, நிரந்தர ஆள் ஊரை மறந்துவிடுவான் என்கிறீர்கள். மூன்று தடவை விரட்டப்பட்டவனை ஊர் எப்படி நம்பும்? "நீ எத்தனை நாளைக்கு இருப்பே?" என்று அவரை முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள்.

குறுக்குச்சால்:
உணர்ச்சியைப் புரிந்துகொள்கிறேன். பணத்தையும் பேச வேண்டும். இப்போது குழுக்களை நடத்துகிற ஊரக வாழ்வாதார இயக்கத்தின் செலவு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற கணக்கில் நடக்கிறது. ஊர்ப்புற ஏழைகளுக்காக 2005இல் வந்த புதுவாழ்வுத் திட்டம் உலக வங்கிக் கடனில் ஓடி முடிந்தது, அப்புறம் 'வாழ்ந்து காட்டுவோம்' என்ற திட்டம் வந்தது. திட்டம் முடிந்தால் நிரந்தர ஆளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? ஓய்வூதியம் வரை மாநிலத்தின் தலையில்தான் விழும்.

செவக்காடு:
திட்டத்தின் பெயர்தான் மாறுகிறது. நான் போகிற திண்ணையும் அங்கே உட்காருகிற பெண்களும் அதேதான். பழைய திட்டத்தில் அனுபவப்பட்டவர்களை அனுப்பிவிட்டுப் புதுத் திட்டத்துக்குப் புது ஆள் எடுத்து, மறுபடி பயிற்சி கொடுத்து, மறுபடி ஊருக்கு அறிமுகப்படுத்துகிறோம். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

சட்டப்படி:
சட்டத்தில் நிலைமை இதுதான். 2006இல் உமாதேவி வழக்கில், முறையான தேர்வு இல்லாமல் பின்வாசல் வழியாகச் சேர்ந்தவர்களை நிரந்தரமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு முறை விலக்கு கொடுத்தது. அரசுத் துறைகள் அந்தத் தீர்ப்பை எல்லாரையும் தள்ளிவிடுவதற்கான கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் அதே நீதிமன்றம் இந்தப் போக்கைக் கண்டித்தது. வேலை தொடர்ந்து தேவைப்படுகிறது என்றால் ஆளை மட்டும் தற்காலிகம் என்று வைத்திருப்பது நியாயமில்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். 2022இல் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றும் தீர்ப்பு வந்திருக்கிறது. அதனால் நிரந்தரம், ஒன்றுமில்லை என்று இரண்டே வழிதான் என எண்ண வேண்டாம்.

மல்லிகைக்கொடி:
நான் எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொருளாளர். 22 குழுக்கள். ரெண்டு நாளாக எல்லாரும் எங்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன்.

செவக்காடு தம்பி, உங்களை மாதிரி ஒருவர் எங்களுக்கும் இருந்தார். நல்லவர். மாற்றிவிட்டார்கள். ஆறு வருடத்தில் நாலு பேர் வந்து போய்விட்டார்கள். எந்தக் குழுவில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, யாருடைய கையெழுத்தைக் கணவர் போடுகிறார், இதெல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாக நாங்களே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில்தான் தனியார் நுண்கடன் கம்பெனிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அவர்கள் வாரா வாரம் தவறாமல் வருகிறார்கள். அதனால் ஆள் நிலைக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

ஆனால் பேரேடு ஐயா சொல்வதும் எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் கூட்டத்துக்கு வராமலேயே பழைய போட்டோவை ஏற்றிய ஆளும் இருந்தார். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. ஆபீசில் சொன்னால் உள்கடனுக்காகக் குழுவுக்கு வர வேண்டிய சுழல்நிதி நிற்குமோ என்று பயம்.

இன்னொன்று. சமூக வளப் பயிற்றுநர்களைப் பற்றி யாருமே பேசவில்லை. அவர்கள் எங்களில் ஒருத்தர். எங்கள் குழுவிலிருந்து ஒருத்தி பக்கத்து ஒன்றியத்துக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறாள். போன நாளுக்குத்தான் காசு, அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. பஸ் கிடைக்காமல் ஒரு ராத்திரி அந்த ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துவிட்டு வந்தாள். அதை ஒரு வாரம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். நீங்கள் ஒப்பந்தம் என்று வருத்தப்படுகிறீர்கள், அவளிடம் அந்தத் தாள்கூட இல்லை.

பேரேடு:
அம்மா, நீங்கள் எழுதியதற்கப்புறம் நான் யோசித்தேன். எனக்கு நிரந்தரம் பற்றி இருந்த பயம், பணியாளர் உங்களுக்குப் பதில் சொல்லாமல் மேலே மட்டும் பதில் சொல்வார் என்பதுதான். இன்றைய ஒப்பந்த ஆளும் மேலேதான் பதில் சொல்கிறார், வேலை போய்விடும் என்ற பயத்தில் இன்னும் அதிகமாகவே. அது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கூட்டமைப்பின் கையில் எதுவும் இல்லாமல் நிரந்தரம் மட்டும் வந்தால் பழைய கதைதான் திரும்பும். கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுத் திட்டத்தைப் பாருங்கள். அயல்கூட்டம் என்கிற அக்கம்பக்கக் குழுவிலிருந்து மேல்மட்டம் வரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் அமைப்பு உண்டு. அலுவலர்கள் இருக்கிறார்கள், ஆனால் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு ஏற்பாட்டோடு வாருங்கள், அப்போது பார்க்கலாம்.

குறுக்குச்சால்:
கேரளத்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். 2025இல் அங்கே ஆஷா என்கிற சுகாதாரப் பணியாளர்கள் மதிப்பூதியத்தை உயர்த்தக் கேட்டுத் தலைமைச் செயலகத்து வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அமைப்பு நன்றாக இருந்தாலும் கடைசிப் படியில் இருக்கிற பெண்ணுக்குக் காசு கொடுக்க யாருக்கும் கை வருவதில்லை. இதைச் சொல்கிற நான்தான் மேலே பணக் கணக்குப் பேசினேன், அந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை.

செவக்காடு:
மல்லிகைக்கொடி அக்கா, பயிற்றுநர்களைப் பற்றி நான் எழுதாதது என் தப்பு. எங்கள் சங்கம் அடுத்த மாதம் கொடுக்கப்போகிற மனுவிலும் அவர்கள் பெயர் இல்லை. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன், ஒன்பது கோரிக்கை, ஒன்பதும் எங்களுடையவை. பயிற்றுநருக்குப் போன நாளின் ஊதியம் பதினைந்து நாளுக்குள் வர வேண்டும், இரவு தங்கினால் இடமும் சாப்பாடும் திட்டச் செலவில் தர வேண்டும் என்று எழுதிச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் எதிர்க்கிறார்கள், நம் கோரிக்கை நீர்த்துப்போகும் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசுவேன்.

பேரேடு ஐயா, எங்கள் வருகைப் பதிவில் கூட்டமைப்பின் கையெழுத்து இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கையெழுத்தை வைத்து வருடா வருடம் ஒப்பந்தத்தை முடிக்கலாம் என்றால் சம்மதமில்லை. இந்த இடத்தில் நமக்குள் ஒத்துப்போகாது என்று நினைக்கிறேன்.

பேரேடு:
ஒத்துப்போகாதுதான். கையெழுத்துக்கு ஒரு விளைவும் இல்லையென்றால் அது எதற்கு?

மல்லிகைக்கொடி:
விளைவு என்னவென்று எங்களைக் கேளுங்கள். ஆளை அனுப்ப வேண்டும் என்று நாங்கள் கேட்டதே இல்லை. வராத நாளுக்கு வரவில்லை என்று எழுத ஒரு நோட்டு வேண்டும், அதை மேலே இருக்கிறவர் படிக்க வேண்டும். தம்பி, ஞாயிறு கூட்டம் எத்தனை மணிக்கு? அந்தப் பயிற்றுநரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். பஸ் பத்தரைக்குத்தான்.