கிரெடிட் கார்டில் கேஷ் அட்வான்ஸ் (ரொக்கம் எடுத்தல்) கட்டணம்: முழுத் தொகையும் கட்டிய பிறகு மறுபடி வட்டி வருவது ஏன்?

மாம்பலம்_வாசி எழுதியது:

அப்பாவின் கார்டு. பில் தேதி ஒவ்வொரு மாதமும் 18, கட்ட வேண்டிய கடைசி நாள் அடுத்த மாதம் 7. ஆகஸ்ட் பில்லில் இருந்தவை இவ்வளவுதான்:

ஆகஸ்ட் 2: ஏடிஎம், ₹3,000
ஆகஸ்ட் 10: மணி எக்ஸ்சேஞ்ச் கடையில் சிங்கப்பூர் டாலர், ₹42,000
கேஷ் அட்வான்ஸ் ஃபீ ₹500
கேஷ் அட்வான்ஸ் ஃபீ ₹1,050
ஃபைனான்ஸ் சார்ஜ் (வட்டி) ₹473.43
ஜிஎஸ்டி ₹364.22

மொத்தம் ₹47,387.65. ஒரு ரூபாய் விடாமல் செப்டம்பர் 5 அன்றே கட்டியாயிற்று. பிறகு கார்டைத் தொடவே இல்லை. ஆனாலும் செப்டம்பர் பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜ் ₹998.63, ஜிஎஸ்டி ₹179.75 என்று வந்திருக்கிறது. கார்டின் வட்டி மாதம் 3.75%.

ஏடிஎம்மில் எடுத்ததற்குக் கட்டணம் என்பது புரிகிறது. டாலர் வாங்கியது கடையில் ஸ்வைப் செய்துதான். அது எப்படி ரொக்கம் எடுத்ததாகும்? கெடுவுக்கு முன்பே முழுசாகக் கட்டிய பிறகு இரண்டாவது மாத வட்டி எதற்கு? இதில் எதையாவது திரும்ப வாங்க வழி உண்டா?

---

திருச்சி_கணக்கர் பதில்:

வங்கியின் கணக்கில் தப்பு இல்லை. பைசா வரை ஒத்துப்போகிறது. எப்படி என்று காட்டுகிறேன். நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஃபீ. பெரும்பாலான இந்திய வங்கிகளில் ரொக்கக் கட்டணம் எடுத்த தொகையில் 2.5%, குறைந்தபட்சம் ₹500. ₹3,000க்கு 2.5% என்றால் 75 ரூபாய்தான், ஆனால் குறைந்தபட்சம் குறுக்கே வருவதால் 500. அதாவது எடுத்ததில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. ₹20,000க்குக் கீழே எவ்வளவு எடுத்தாலும் இந்த ₹500 மாறாது, அதுவும் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தனித்தனியாக. ஆயிரம் ஆயிரமாக மூன்று தடவை எடுத்திருந்தால் ₹1,500 ஆகியிருக்கும். ₹42,000க்கு 2.5% = ₹1,050. சரி.

அடுத்தது வட்டி. மாதம் 3.75% என்றால் வருடத்துக்கு 45%. பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லா நாட்கள் ரொக்கத்துக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. எடுத்த தேதியிலிருந்தே ஓடும்.

₹3,000க்கு ஒரு நாளைக்கு ₹3.70. ஆகஸ்ட் 2 முதல் 18 வரை 16 நாள்: ₹59.18.
₹42,000க்கு ஒரு நாளைக்கு ₹51.78. 10 முதல் 18 வரை 8 நாள்: ₹414.25.
இரண்டும் சேர்ந்து ₹473.43.

ஃபீ, வட்டி இரண்டின் மீதும் 18% ஜிஎஸ்டி. வீட்டுக் கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. கிரெடிட் கார்டு வட்டியை மட்டும் அந்த விலக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1,550 + 473.43க்கு 18% = ₹364.22. இதுவும் சரி.

இப்போது உங்களைக் குழப்பிய இரண்டாவது மாதம். ஆகஸ்ட் 18 அன்று அச்சான பில், அன்று வரையிலான வட்டியை மட்டுமே சொல்லும். பணம் போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 5. நடுவில் 18 நாள். அந்த நாட்களில் ₹45,000 அசல் அப்படியே நின்றது. ஒரு நாளைக்கு ₹55.48 வீதம் 18 நாளுக்கு ₹998.63. அதற்கு ஜிஎஸ்டி ₹179.75. கடைசி நாளுக்குள் கட்டியது தாமதக் கட்டணத்திலிருந்து மட்டுமே காப்பாற்றும். ரொக்கத்தின் வட்டியை நிறுத்தாது. செப்டம்பர் 5க்குப் பிறகு அசல் பூஜ்யம். ஆகவே இந்த ₹1,178.38ஐக் கட்டிவிட்டால் அக்டோபர் பில்லில் ஒன்றும் வராது.

மொத்தச் செலவு ₹3,566.03. பாதிக்கு மேல் ஃபீயும் அதன் ஜிஎஸ்டியும். அதைத் தவிர்த்திருக்க முடியாது. மீதி வட்டியும் அதற்கான ஜிஎஸ்டியும் சேர்ந்து ₹1,737. ஆகஸ்ட் 11 அன்றே ₹45,000ஐக் கட்டியிருந்தால் இது சுமார் ₹100இல் முடிந்திருக்கும். ரொக்கம் எடுத்துவிட்டால் பில் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

சில வங்கிகள் ஃபீயையும் அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடும். உங்கள் பில்லில் அது இல்லை.

---

நெல்லை_பிஓஎஸ் பதில்:

டாலர் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

ஸ்வைப் மெஷின் ஒவ்வொன்றின் பின்னாலும் நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு ஒன்று உண்டு. எம்சிசி என்பார்கள். மெஷின் கொடுத்த வங்கி, கடையின் தொழிலைப் பார்த்து அதைப் போடுகிறது. உங்கள் கார்டு வங்கிக்குத் தெரிவது இந்தக் குறியீடும் கடைப் பெயரும் தொகையும்தான். நகைக்கடை 5944. தங்கமே வாங்கினாலும் அது பொருள் வாங்கியதாகவே போகும். ஏடிஎம் 6011. வங்கி கவுண்டரில் கார்டு கொடுத்துப் பணம் வாங்கினால் 6010. பணம் அனுப்பும் நிறுவனங்கள் 4829. வெளிநாட்டு நாணயம், டிராவலர்ஸ் செக், கிரிப்டோ போன்றவை விற்கும், வங்கி அல்லாத நிறுவனங்கள் 6051. சூதாட்டம், கசினோ சில்லு 7995.

6051, 7995 போன்றவற்றுக்கு 'குவாசி கேஷ்' என்று பெயர். கையில் நோட்டு வராவிட்டாலும், வாங்கியது உடனே பணமாக மாறக்கூடியது. அதனால் பல வங்கிகள் ரொக்கம் எடுத்ததாகவே கணக்கு வைக்கின்றன. கடைக்காரர் 'சாதாரண ஸ்வைப்தான்' என்று சொல்லியிருந்தால் அவர் பொய் சொன்னார் என்று அர்த்தமில்லை. அவர் மெஷினில் அது சாதாரண விற்பனையாகத்தான் தெரியும். ரொக்கம் என்று பிரிப்பது கார்டு கொடுத்த வங்கி. ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு வங்கிக் கார்டுகளைத் தேய்த்தால் ஒன்றில் கட்டணம் வரும், இன்னொன்றில் வராமலும் போகும்.

ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டு நாணயம் ஏற்றி வைக்கும் கார்டு) கிரெடிட் கார்டு மூலம் பணம் ஏற்றுவதும் இதே ஆபத்துதான். டாலர் வேண்டுமென்றால் டெபிட் கார்டிலோ நெட்பேங்கிங்கிலோ கட்டுங்கள்.

வாலட்டில் பணம் ஏற்றுவது, வாடகை கட்டுவது இரண்டையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவற்றுக்குப் பல வங்கிகள் 1% போலத் தனிக் கட்டணம் போடுகின்றன, ஆனால் அது கேஷ் அட்வான்ஸ் இல்லை. வட்டியில்லா நாட்கள் அப்படியே இருக்கும். பில்லில் எந்தப் பெயரில் வந்திருக்கிறது என்று பாருங்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கடை க்யூஆரில் கட்டுவதும் பொருள் வாங்கியதுதான். தனிநபருக்கு அந்த வழியில் பணம் அனுப்பவே முடியாது.

வெளிநாடு போய் ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டால் மூன்று அடி: இதே 2.5%, அதன் மேல் நாணய மாற்றுக்கு வங்கி கூடுதலாகப் பிடிக்கும் மார்க்கப் (பல கார்டுகளில் 3.5%), அந்த ஊர் ஏடிஎம் பிடிக்கும் கட்டணம். வட்டியும் அன்றிலிருந்தே. அப்பா சிங்கப்பூர் கிளம்புகிறார் என்றால் இதை இப்போதே சொல்லி வையுங்கள்.

---

கோவை_ரவுண்டானா பதில்:

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு தடவை கேஷ் எடுத்துவிட்டால் அந்த மாதம் வாங்கிய மளிகை, பெட்ரோல் எல்லாவற்றுக்கும் வட்டி விழும்.

---

திருச்சி_கணக்கர் பதில்:

@கோவை_ரவுண்டானா, அப்படி இல்லை. ரொக்கம் எடுத்ததால் மட்டும் மற்ற பொருட்களின் வட்டியில்லாக் காலம் போகாது. பில்லில் வந்த மொத்தத்தைக் கட்டாமல் பாக்கி வைத்தால்தான் போகும். ஆனால் நடைமுறையில் நீங்கள் சொல்வது போல நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ரொக்கம் எடுத்தவர் அந்தத் தொகையை மட்டும் மனதில் வைத்துக் கட்டுவார். ஃபீ 500, அதன் ஜிஎஸ்டி 90, வட்டி எல்லாம் சேர்ந்து மொத்தம் ஏறியிருப்பதைக் கவனிக்க மாட்டார். முழு பில்லுக்குச் சில நூறு குறைந்தாலும் பாக்கி பாக்கிதான். அப்போது மளிகைக்கும் வாங்கிய தேதியிலிருந்து வட்டி விழும்.

கட்டும் பணம் எதில் முதலில் கழியும் என்பதும் முக்கியம். வரி, இஎம்ஐ, கட்டணங்கள், வட்டி, பிறகு பொருள் வாங்கியது, கடைசியில் ரொக்கம் என்று வரிசை வைத்திருக்கும் வங்கிகள் உண்டு. கார்டில் ₹30,000க்குப் பொருள் வாங்கிய பாக்கி இருக்கும்போது, ரொக்கத்தை அடைக்கிறேன் என்று ₹10,000 கட்டினால், அது பொருள் பக்கம் போய்விடும். ரொக்கம் 45%இல் ஓடிக்கொண்டே இருக்கும். முந்தைய பதிலில் ஆகஸ்ட் 11 அன்றே கட்டலாம் என்றது, இந்தக் கார்டில் வேறு பாக்கி இல்லாததால்தான். பாக்கி இருந்தால் அதையும் சேர்த்துக் கட்ட வேண்டும். வரிசை எது என்று எம்ஐடிசி ஆவணத்தில் போட்டிருக்கும். கார்டோடு வரும் பொடி எழுத்துத் தாள் அதுதான், வங்கி இணையதளத்திலும் இருக்கும்.

---

மாம்பலம்_வாசி பதில்:

இருவருக்கும் நன்றி. எண்கள் எல்லாம் பொருந்துகின்றன. இன்னொரு கார்டில் தவறுதலாகக் கூடுதலாகக் கட்டி ₹6,000 வரவில் நிற்கிறது. அதை ஏடிஎம்மில் எடுத்தால் அது நம் பணம்தானே, கட்டணம் வராதே?

---

சட்டப்_பக்கம் பதில்:

எடுக்காதீர்கள். நம் பணமாக இருந்தாலும் ஏடிஎம்மில் எடுத்தது ரொக்கப் பரிவர்த்தனை என்று ₹500ம் ஜிஎஸ்டியும் பெரும்பாலும் விழும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் வரவுத் தொகையைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தருவார்கள்.

திரும்ப வாங்குவது பற்றி. ஏடிஎம் கட்டணத்துக்கு எதிராகச் சட்டப்படி வாதம் எதுவும் இல்லை. ஆனால் முதல் தடவை, நல்ல கட்டண வரலாறு என்றால் வங்கிகள் ஃபீயை விட்டுக்கொடுப்பது உண்டு. தொலைபேசியில் கெஞ்ச வேண்டாம், மின்னஞ்சலில் எழுதுங்கள். ஃபீயைத் திருப்பினால் அதன் ஜிஎஸ்டியையும் சேர்த்துத் திருப்பும்படி குறிப்பிடுங்கள், ₹500 மட்டும் வந்து ₹90 நின்றுபோவது அடிக்கடி நடக்கிறது.

டாலர் கட்டணத்துக்குக் கொஞ்சம் பிடி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கார்டு நெறிமுறைப்படி, கார்டு கொடுக்கும்போது வெளிப்படையாகச் சொல்லாத கட்டணத்தைப் போடக்கூடாது. ஆகவே எம்ஐடிசியை எடுத்து 'கேஷ் அட்வான்ஸ்' பகுதியைப் படியுங்கள். ஏடிஎம் மட்டும் என்று இருக்கிறதா, நாணயம் வாங்குவதும் குவாசி கேஷும் அதில் சேர்த்திருக்கிறதா? சேர்த்திருந்தால் கேஸ் முடிந்தது. இல்லையென்றால் இப்படி எழுதுங்கள்: "ஆகஸ்ட் 10 பரிவர்த்தனையின் எம்சிசி என்ன, எம்ஐடிசியின் எந்தப் பிரிவின்படி இது ரொக்கமாகக் கருதப்பட்டது, ஆவணத்துடன் விளக்கவும்." தகராறு செய்யப்பட்ட பில்லுக்கு அதிகபட்சம் 30 நாளில் விளக்கமும், தேவைப்பட்டால் ஆவணமும் தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறையில் இருக்கிறது.

புகார் எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாள் ஆகியும் பதிலே வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் புகார் போடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. உதவி எண் 14448. புகார் நடக்கும்போது செப்டம்பர் பில்லின் ₹1,178.38ஐக் கட்டிவிடுங்கள். தகராறு என்று நிறுத்தி வைத்தால் தாமதக் கட்டணம் சேர்ந்து, சிபில் அறிக்கையிலும் பாக்கி ஏறிவிடும்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கார்டில் மட்டும் பற்று விழுந்திருந்தால் அது வேறு கதை. ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் நாளுக்கு ₹100 இழப்பீடு. அப்போது ஃபீயும் வட்டியும் திரும்பியதா என்று தனியாகச் சரிபாருங்கள்.

இனி வராமல் இருக்க: புதிய கார்டு கொடுக்கும்போதே உள்நாட்டு ஏடிஎம் வசதி திறந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் 2020 ஜனவரி உத்தரவுப்படி அதை மூட வாடிக்கையாளருக்கு வசதி தந்தாக வேண்டும். வங்கி ஆப்பில் கார்டு கட்டுப்பாடு என்ற பக்கத்தில் உள்நாட்டு ஏடிஎம், வெளிநாட்டு ஏடிஎம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். பர்ஸில் டெபிட், கிரெடிட் இரண்டு கார்டும் ஒரே நிறத்தில் இருந்து மாற்றிப் போட்டாலும் மெஷின் மறுத்துவிடும்.

---

நெல்லை_பிஓஎஸ் பதில்:

அந்த ஸ்விட்ச் ஏடிஎம்மை மட்டும்தான் தடுக்கும். மணி எக்ஸ்சேஞ்ச் கடை ஸ்வைப் சாதாரண பிஓஎஸ் (கடை ஸ்வைப் மெஷின்) வழியில் போவதால் அதில் சிக்காது. அதற்கு வங்கியிடம் கேஷ் லிமிட்டையே பூஜ்யமாக்கச் சொல்லிக் கேளுங்கள். பில்லின் முதல் பக்கத்தில் மொத்த லிமிட்டுக்குப் பக்கத்தில் 'அவைலபிள் கேஷ் லிமிட்' என்று தனியாக ஒரு எண் இருக்கும், அதுதான். எல்லா வங்கியும் செய்து தராது. செய்து தந்தால் அடுத்த பில்லில் அந்த இடத்தில் 0 என்று வந்திருக்கிறதா பாருங்கள்.