கங்கை அமரன் உங்களுக்கு எந்த வழியாக அறிமுகமானார்?

பண்ணைப்புரத்துச் சகோதரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு இளையராஜாவிடம் போய் நின்றுவிடுகிறது. அதில் தவறில்லை. ஆனால் தம்பி பாட்டு எழுதினார், இசையமைத்தார், பாடினார், படம் இயக்கினார், இன்னொரு நடிகருக்குக் குரலும் கொடுத்தார். இதில் எந்த வேலை வழியாக அவரை முதலில் சந்தித்தீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்து நேயர்:
எனக்கு வானொலி வழியாகத்தான். இலங்கை வானொலியில் பாட்டைப் போடுமுன் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று அறிவிப்பாளர் ஒழுங்காகச் சொல்வார். ‘16 வயதினிலே’ வந்த 1977-இல் ‘செந்தூரப்பூவே’ ஒலிபரப்பாகும்போதெல்லாம் ‘இயற்றியவர் கங்கை அமரன்’ என்று கேட்டு அந்தப் பெயர் மனதில் பதிந்துவிட்டது. எஸ். ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு. பிறகு ‘பூங்கதவே தாழ் திறவாய்’, ‘என் இனிய பொன் நிலாவே’ என்று 1980-இல் வரிசையாக வந்தபோது, அறிவிப்பு முடியுமுன்னே அம்மா அவர் பெயரைச் சொல்லிவிடுவார்.

திண்டுக்கல்லில் கேசட் கடை வைத்திருந்தவர்:
அக்கா சொன்னது உண்மை. பெயரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் குழப்பம் இல்லை. என் கடைக்கு வந்தவர்கள் கதை வேறு. வெற்றுக் கேசட்டையும் ஒரு தாளையும் நீட்டுவார்கள். தாளின் தலைப்பில் ‘இளையராஜா பாடல்கள்’ என்று இருக்கும். கீழே ‘நீல வான ஓடையில்’, ‘மூக்குத்திப் பூ மேலே’, ‘காதல் வைபோகமே’. மூன்றும் கங்கை அமரன் இசை! நான் உடனே பதிவு செய்ய உட்கார மாட்டேன். ‘வாழ்வே மாயம்’ இசைத்தட்டை எடுத்து, உறையைத் திருப்பி, இசை என்று போட்டிருக்கும் இடத்தில் விரலை வைத்துக் காட்டுவேன். சிலர் வியப்பார்கள். சிலர் ‘அண்ணன்தான் போட்டுக் கொடுத்திருப்பார்’ என்பார்கள். இந்தப் பேச்சு எனக்கு இன்றும் பொறுக்காது. ஒரு மனிதன் உழைத்துப் போட்ட மெட்டை அவன் வீட்டுக்காரருக்கே எழுதி வைப்பது என்ன நியாயம்? இருவருக்கும் ஒரே மண்ணின் காது இருந்தது, அவ்வளவுதான். கேசட் அட்டையில் மட்டும் அவர் பெயரை நானே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர்:
கடைக்காரர் ஐயாவுக்கு வணக்கம். கோயில் கொடைகளில் ‘நீல வான ஓடையில்’ இல்லாமல் எங்கள் நிகழ்ச்சி முடியாது. பாடகர்கள் ஆசையோடு கேட்டு வாங்கும் பாட்டு அது. பல்லவி சுலபம் என்று நினைத்து இறங்குகிற புதுப் பையன்கள், மூச்சை எங்கே எடுப்பது என்று தெரியாமல் சரணத்தில் திணறுவதை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். எஸ்.பி.பி. எவ்வளவு இலகுவாகப் பாடிவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். எங்கள் மேடையில் இசையமைப்பாளர் பெயரைச் சொல்லாமல் பாட்டைத் தொடங்குவதில்லை.

தேனிப் பக்கத்துக்காரர்:
எனக்கு ‘கரகாட்டக்காரன்’. 1989. அவர் இயக்குநராகி ஏழு வருடம் கழிந்திருந்தது. ‘கோழி கூவுது’ 1982-லேயே வந்துவிட்டது. என் மாமா நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர். அதுவரை தன் தொழிலை வெளியில் பெருமையாகச் சொல்லாதவர், படம் வந்த பிறகு கேட்பவர்களிடம் எல்லாம் ‘ராமராஜன் ஆடுற ஆட்டத்துக்கு அடிக்கிறது எங்க மேளம்’ என்று சொல்ல ஆரம்பித்தார். ‘மாங்குயிலே பூங்குயிலே’ வாசிக்கச் சொல்லாத ஊரே இல்லை. அந்தக் கலைஞர்களைப் படத்தின் நடுவில் நிறுத்தியவர் கிராமத்தில் பிறந்தவர் என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரியும்.

தொடங்கியவர்:
குரல் கொடுத்ததை யாரும் தொடவில்லையே! ‘புதிய வார்ப்புகள்’ படத்தில் வாத்தியாராக வரும் பாக்யராஜ் பேசுவது கங்கை அமரன் குரலில். அதே 1979-இல் பாக்யராஜ் முதன்முதலாக இயக்கிய ‘சுவரில்லாத சித்திரங்கள்’ படத்துக்கு இசையும் அவர்தான். ‘காதல் வைபோகமே’ அதில் வருவதுதான். ஒரே வருடத்தில் அந்த மனிதருக்குக் குரலாகவும் இசையாகவும் இருந்திருக்கிறார்.

கடைக்காரர் ஐயா, அந்தப் படத்தின் இசைத்தட்டு உங்களிடம் இருந்தால், உறையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போடுங்கள்.

கேசட் கடை வைத்திருந்தவர்:
பரணில் இருக்கிறது தம்பி. ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தருகிறேன்.